எறக்கத்தில் எஞ்சின் எதற்கு?

ஓடுகிற எஞ்சினைக் கண்டால் வயிறு எரிகிற டிரைவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில்தான் இருந்தார். நியூட்ரல் அண்ணன் என்று சொன்னால் கடலைக்காரருக்கும் தெரியும், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தருக்கும் தெரியும். சொந்தப் பெயர் லைசன்சில் இருந்தது. அதைப் பொலிஸ்காரர்கள் மட்டும்தான் வாசித்திருக்கிறார்கள்.

நான் அப்போது அங்கே டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போகவேண்டும் என்று எழுதி, விசில் ஊதி அனுப்புகிற உத்தியோகம். ஒரு பஸ்ஸை ஒரு நிமிடம் கூடுதலாக நிற்க விட்டால், பின்னால் நிற்கும் பஸ்காரர் என் ஏழு தலைமுறையையும் நலம் விசாரிப்பார். தனியார் பஸ்காரருக்குப் பெண்டாட்டியை விடத் தன்னுடைய 'டைம்' முக்கியம். அதில் வேறொருவன் ஓடினால் கொலை விழும்.

நியூட்ரல் அண்ணன் ஓட்டியது பன்வில பஸ். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். ஏற்றத்தில் அவரும் மற்றவர்களைப் போலத்தான் ஓட்டுவார், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு. இறக்கம் தொடங்கும் இடம் வந்ததோ இல்லையோ, கை தானாக ஒரு சிவப்புக் குமிழுக்குப் போகும். பழைய டீசல் பஸ்களில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. அந்தக் குமிழை வெளியே இழுத்தால்தான் நிற்கும். இழுப்பார். கியரை நியூட்ரலில் தட்டுவார். அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, அறுபது பேரை மலையிலிருந்து வத்தேகம வரைக்கும் சும்மா உருட்டிக்கொண்டு வருவார்.

"எறக்கத்துல எஞ்சின் எதுக்கு தம்பி? பூமி இழுக்குதுல்ல, அது இழுக்கட்டும். நாம ஏன் குறுக்க போய் ஒத்தாச பண்ணணும்?" என்பார்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஒருநாள் நடுங்கிப்போய், "எஞ்சின் இல்லாட்டி பிரேக் சரியா பிடிக்காதே!" என்று கத்தினார்.

"பிரேக் என் கால்ல இருக்கு சேர். எஞ்சின்லயா இருக்கு?" என்றார் அண்ணன். வாத்தியார் அடுத்த பஸ் ஹோல்ட்டில் இறங்கி, எட்டு மைல் நடந்தே பள்ளிக்கூடம் போனார்.

சத்தமில்லாத பஸ்ஸால் வந்த தொல்லைகள் கொஞ்சமில்லை. ஹோல்ட்டில் நிற்கிற தோட்டத்து ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பிக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பஸ் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். யாருக்கும் தெரியாது. அண்ணனே இறங்கிப்போய், ஒவ்வொருவர் தோளிலும் தட்டி, "வாங்க, போறோம்" என்று கூட்டிவருவார். வேகமாக வரும் வண்டிகளைக் காதாலேயே பிடிக்கிற சார்ஜன்ட் ஒருவர் வளைவில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ் அவரைக் கடந்து அரை மைல் போனபிறகுதான் அவர் தொப்பி பறந்ததே அவருக்குத் தெரிந்தது.

வீட்டிலும் இதே கூத்து. அவர் மனைவி என்னிடம் கண்ணீர் விடாத குறையாகச் சொன்னார்: "சோறு பாதி வேகும்போதே அடுப்ப நிப்பாட்டிப்புடுறாரு தம்பி. மிச்சம் சூட்டுலயே வெந்துருமாம். முப்பது வருஷமா அரிசியத்தான் மென்னுக்கிட்டு இருக்கேன்."

இப்படிப்பட்ட மனிதருக்கு அறுபது வயது நெருங்கும்போது, கனடாவில் இருந்த மகள் ஃபோனில் கேட்டாள்: "அப்பா, பொறந்தநாளுக்கு என்ன வேணும்?" வேறு யாராவது என்றால் பெரிய டிவி ஒன்று கேட்டிருப்பார்கள். இவர் கேட்டது ஏரோப்பிளேன் ஓட்டப் படிக்கவேண்டும் என்று.

எனக்கும் அதிர்ச்சிதான். "இதென்ன அண்ணே, இந்த வயசுல?" என்றேன்.

அவர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, எனக்குக் காரணம் சொன்னார். "முப்பது வருஷமா ஓட்டுறேன் தம்பி. ஒரு நாளாவது தனியா ஓட்டியிருக்கேனா? பின்னால அறுபது பேரு. இங்க நிப்பாட்டு, அங்க நிப்பாட்டுன்னு பெல்லு. எனக்கு ஒரே ஒரு தடவ, பெல்லு அடிக்க ஆளில்லாம, தனியா ஒண்ண ஓட்டணும். அதோட நம்ம பன்வில ரோட்ட மேல இருந்து பாக்கணும். இத்தன வளைவு வச்சு இத்தன வருஷமா என்னைய ஏமாத்திக்கிட்டு இருக்கே, அது உண்மையில எந்தப் பக்கம்தான் போகுதுன்னு தெரிஞ்சிக்கிறணும்."

அவ்வளவுதான் ஆசை. தனியாக ஒரு தடவை. அதுவரைக்குமான பாடங்களுக்கு மகள் ஏற்பாடு செய்தாள்.

சண்டை முடிந்து, வானம் சாதாரண சனங்களுக்கும் திறந்துவிட்ட புதிது அது. கொழும்புப் பக்கத்தில் சின்ன விமானங்கள் வைத்துப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருந்தது. வாரத்தில் ஓய்வு நாளன்று அண்ணன் காலைக் கோச்சியில், அதாவது ரயிலில், போவார். அவருக்கு வாய்த்த ஆசிரியை யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்தேழு வயது. பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்தான். முதல் ஆறு மாதமும் தற்காலிகம். அதற்குள் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அண்ணன் அந்தப் பிள்ளையைக் 'கப்டன் புள்ள' என்று கூப்பிட்டார். அது இவரை 'அண்ணை' என்றது.

முதல் பாடத்திலேயே அண்ணன் கேட்டாராம்: "புள்ள, ரிவர்ஸ் கியர் எங்க இருக்கு?"

"ரிவர்ஸ் இல்லை அண்ணை."

"அப்ப ஹோல்ட்ட தாண்டிப் போயிட்டா என்ன பண்றது?"

"வானத்தில ஹோல்ட்டும் இல்லை அண்ணை."

அண்ணன் மனமுடைந்து போனார். ஆனாலும் விடவில்லை. காலுக்குக் கீழே இருக்கிற மிதிகளுக்குக் கிளச் என்று பெயர் வைத்துக்கொண்டார். முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட முயன்று மூன்று தடவை முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் மூன்று டயருக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார். ஓடுபாதையில் யார் ஜூஸ் பிழிகிறார்கள் என்று பள்ளிக்காரர்கள் ஒரு மாதம் தேடினார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: மனிதருக்குக் கை வந்துவிட்டது. "இன்னும் மூண்டு கிளாஸ், பிறகு தனியப் பறக்கலாம்" என்று கப்டன் புள்ளையே சொல்லிவிட்டது.

அந்த மூன்றில் ஒன்று, கண்டி வரைக்கும் பறந்து திரும்புகிற பாடம். அண்ணன் என்னிடம் வந்து, "தம்பி, நீங்களும் வரணும்" என்றார்.

"நான் எதுக்கு?"

"டைம்கீப்பர் விசில் ஊதாம நான் எந்தக் காலத்துல வண்டி எடுத்திருக்கேன்?"

அது நான்கு இருக்கை விமானம். முன்னால் அண்ணனும் கப்டன் புள்ளையும். பின்னால் நான், மடியில் என் பதிவுப் புத்தகம். விசில் ஊதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு அந்த விசில்தான்.

கடுகண்ணாவைப் பக்கம் மலைகளைத் தாண்டி, கண்டிக்கு மேலே வரும்வரைக்கும் எல்லாம் சுகம். வாவி ஒரு சோப்புத் துண்டு அளவில் தெரிந்தது. மகாவலி ஆற்றைத் தாண்டினோம். தூரத்தில் பன்வில மலை.

"வடிவாத் தெரியேல்லை என்ன? சரி அண்ணை, இனி இறங்குவம்" என்றது கப்டன் புள்ள.

இறங்குவோம் என்ற சொல் காதில் விழுந்தது. அண்ணனின் வலது கை தானாக எழுந்தது. அந்த விமானத்தின் முன்பலகையில், சொல்லிவைத்தாற்போல, ஒரு சிவப்புக் குமிழ் இருந்தது. எஞ்சினுக்குப் பெற்றோல் போவதை நிறுத்துகிற குமிழ். பின்னாலிருந்து நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கப்டன் புள்ள வலது பக்க ஜன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டுக் குமிழை இழுத்தார். இடது கையால் கியரையும் தேடினார், நியூட்ரலில் போட.

எஞ்சின் நின்றது.

அப்படியொரு அமைதியை நான் கோயிலிலும் கேட்டதில்லை.

அண்ணனுக்கு அப்போதுதான் தான் இருப்பது பஸ்ஸில் இல்லை என்று ஞாபகம் வந்தது. சட்டென்று குமிழை உள்ளே தள்ளினார். அதற்குள் பதற்றத்தில் மூக்கை மேலே தூக்கிவிட்டார். வேகம் விழுந்தது. முன்னால் சுற்றிக்கொண்டிருந்த விசிறி ஒரு தடவை திணறி, கம்புமாதிரி நேராக நின்றேவிட்டது.

"கையை எடுங்கோ அண்ணை! நான் ஓட்டுறன்!" கப்டன் புள்ள மூக்கைத் தாழ்த்தியது. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தது. பேட்டரி 'டிக்' என்றது. இன்னொரு தடவை. 'டிக்'. அதுவும் அறுபது வயதை நெருங்கிய பேட்டரி போலிருக்கிறது.

நான் பதிவுப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையும் தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"சமதரை வேணும்! எங்கையாவது சமதரை!" என்றது கப்டன் புள்ள.

"கண்டியில சமதரைக்கு எங்க போறது புள்ள?" என்றார் அண்ணன், ஏதோ கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோல. "வயல் வேணாம், எரும நிக்குது. அந்தா பாருங்க, பல்லேகல ரோடு. அந்தத் தொழிற்பேட்ட பக்கம் நேரா கெடக்கு. லைட் போஸ்டு ஒரு பக்கந்தான்."

"ரோட்டில பஸ் வராதோ?"

அண்ணன் பின்னால் திரும்பினார். "டைம்கீப்பர் தம்பி, மணி பத்து நாப்பது. திகன ரோட்டுல என்ன ஓடுது?"

நம்பினால் நம்புங்கள். கண்ணை மூடியபடியே ஒப்பித்தேன். "ஒன்பது அம்பது மஹியங்கன பஸ் திகன தாண்டியிருக்கும். பத்துப் பத்து திகன பஸ் குண்டசால சந்தியில நிக்கும். அந்த டிரைவர் சீட்டு நெறையாம அசைய மாட்டான். பத்து நாப்பத்தஞ்சுக்கு முன்னால எடுக்கவே மாட்டான். அங்கிட்டு இருந்து வாறது பத்து அம்பதுக்குத்தான்."

"த்ரீவீல் ஓட்டோ வந்தா?" என்றது கப்டன் புள்ள.

"அது ஒதுங்கும் புள்ள. பெருசா எது வந்தாலும் ஒதுங்கும். நீங்க பயப்படாம எறக்குங்க. எறக்கத்துல எஞ்சின் எதுக்கு?"

இதற்கு நடுவே அவர் செய்ததைக் கேளுங்கள். ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, "அந்தா! அந்தா பன்வில ரோடு! அட, கோணக் கழுத, இப்புடித்தான் போகுதா நீ!" என்று ஒவ்வொரு வளைவாகத் திட்டிக்கொண்டிருந்தார். சாகப்போகிற மனிதனின் குரலா அது? பொருட்காட்சி பார்க்கிற குரல்.

கப்டன் புள்ளையின் கை பொன்னான கை. ரோட்டின் நடுக்கோட்டில் மூன்று டயரையும் பூப்போல வைத்தது. எதிரே வந்த ஒரேயொரு த்ரீவீல் தானாகவே வாய்க்காலுக்குள் இறங்கி மரியாதையாக நின்றது. விமானம் உருண்டது, உருண்டது, ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டு, எங்கே நின்றது தெரியுமா? பல்லேகல பஸ் ஹோல்ட்டில்.

ஹோல்ட்டில் நான்கைந்து பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா மட்டும் திரும்பினார். கையில் மரக்கறிப் பை. விமானத்தை மேலும் கீழும் பார்த்தார். என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"தம்பி, இது திகன போகுமா?"

"இல்லம்மா, இது ஸ்பெஷல்" என்றேன். தொழில் புத்தி.

அதற்குள் பின்னால் ஹோன் சத்தம் காதைக் கிழித்தது. பத்துப் பத்து திகன பஸ். அன்றைக்குப் பார்த்துச் சீட்டு சீக்கிரம் நிறைந்துவிட்டதாம். டிரைவர் குதித்து இறங்கி ஓடிவந்தார். விமானத்தைப் பார்த்தார். அதற்குள் இருந்த என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"டைம்கீப்பர்! என்னங்க இது அநியாயம்? என் டைம்ல இன்னொண்ண எப்புடி விட்டீங்க?"

"இது பஸ் இல்லப்பா..."

"எதுவா வேணா இருக்கட்டும்! ஹோல்ட்டுல நிக்குதுல்ல? அந்தம்மாகிட்ட ஆள் கேட்டீங்கல்ல? நான் சங்கத்துல சொல்றேன்!"

சொல்லியும் விட்டார். பஸ்காரர் சங்கத்திலிருந்து எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பத்து நாற்பத்திரண்டுக்கு அனுமதியில்லாத வாகனம் ஒன்றை ஓடவிட்ட குற்றம்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பள்ளிக்காரர்கள் சிரிக்கவில்லை. எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. புது பேட்டரி போட்டதும் முதல் உதையிலேயே உறுமியது. "நல்ல எஞ்சின் தானாக நிற்காது, நீ என்ன செய்தாய்?" என்று கப்டன் புள்ளையைக் கேட்டார்கள். அதற்கு என்ன தெரியும்? "நான் ஒண்டும் செய்யேல்லை" என்றது. ஆறாவது மாதம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. விசாரணைக்கு எங்களையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

கோச்சியில் போகும்போது நான் அண்ணனுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். "உங்களுக்கு இன்னும் ரெண்டே பாடம். அப்புறம் தனியா பறக்கலாம். வாயத் தொறந்தா அதோட முடிஞ்சிச்சு. எஞ்சின் தானா நின்னுச்சு, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ்வளவுதான்." நான் சொல்லவேண்டிய பொய்யைச் சுத்தமான தமிழில் நான்கு வரியாக எழுதிச் சட்டைப் பையிலும் வைத்திருந்தேன். அண்ணன் வழியெல்லாம் ஜன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நீளமான மேசை. மூன்று அதிகாரிகள். ஓரத்துக் கதிரையில் கப்டன் புள்ள, முகம் வெளிறிப்போய். விசாரணை சிங்களத்தில் நடந்தது. அண்ணனின் சிங்களம் பஸ் சிங்களம், ஆனால் ஓடும்.

"எஞ்சின் நிற்பதற்கு முன்னால் ஏதாவது சத்தம் கேட்டதா?" என்றார் பெரிய அதிகாரி.

"சத்தம் எப்புடிங்க சேர் கேக்கும்? நான்தானே நிப்பாட்டினேன்."

என் சட்டைப் பைக்குள் இருந்த பொய் எனக்கே சுட்டது.

"நீங்களா? ஏன்?"

"எறக்கம் சேர்."

"வானத்தில் ஏதய்யா இறக்கம்?"

"புள்ளதானே சொல்லிச்சு, இனி எறங்குவம்னு. கை தானா போயிருச்சு. முப்பது வருஷத்துக் கை. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல சேர். அது அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அது மட்டும் இல்லாட்டி இப்ப உங்களுக்கு விசாரிக்க ஆளே இல்ல."

அதோடு விட்டாரா? எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டி, மேலே சுற்றிய விசிறியை நிறுத்தினார். "பாருங்க சேர். கரண்ட் இல்ல. நின்னுருச்சா? நிக்கல. எவ்வளவு நேரம் சும்மா ஓடுதுன்னு பாருங்க." மூன்று அதிகாரிகளும் அண்ணாந்து பார்த்தார்கள். விசிறி ஓடியது, ஓடியது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்: முழுசாக ஒன்றரை நிமிடம். ஓரத்தில் இருந்த அதிகாரி தலையை ஆட்டி, "என் வீட்டிலும் காலையில் இப்படிச் செய்து பார்க்கலாம்" என்று முணுமுணுத்தார். பெரிய அதிகாரி அவரை முறைத்தார்.

தீர்ப்பு அங்கேயே சொன்னார்கள். கப்டன் புள்ளைக்கு வேலை நிரந்தரம். ரோட்டில் இறக்கியதற்குப் பாராட்டும் உண்டு. அண்ணன் இனி அந்தப் பள்ளியின் எந்த விமானத்திலும் கை வைக்கக்கூடாது. வேறு பள்ளிகளுக்கும் எழுதுவார்கள்.

"ஒரே ஒரு தடவையாவது, சேர்?"

"ஒரு தடவையும் இல்லை."

அண்ணன் தலையை ஆட்டினார். மறக்காமல் விசிறியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

கப்டன் புள்ள பின்னாலேயே ஓடிவந்தது. கண் கலங்கியிருந்தது. "ஏன் அண்ணை சொன்னனீங்கள்? இன்னும் ரெண்டு கிளாஸ்தானே கிடந்தது?"

"நீங்க சின்னப் புள்ள. இன்னும் எத்தன பேர ஏத்திக்கிட்டு போக வேண்டி இருக்கு," என்றார் அண்ணன். "ஆனா ஒண்ணு. இனிமே மலநாட்டுக்காரன் யாராவது படிக்க வந்தா, எறங்குறோம்னு சொல்லாதீங்க. கீழ போறோம்னு சொல்லுங்க." அழுதுகொண்டிருந்த பிள்ளை சிரித்துவிட்டது.

கோச்சியில் திரும்பும்போது என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. "கடைசி வரைக்கும் தனியா பறக்கலையே அண்ணே" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "யாரு சொன்னா? நீங்க கண்ண மூடிக்கிட்டு டைம்டேபிள் ஒப்பிச்சுக்கிட்டு இருந்தீங்க. புள்ளைக்கு ரோட்டுலதான் கண்ணு. பெல்லு அடிக்க ஒருத்தனும் இல்ல. அந்த நாலு நிமிஷமும் மேல நான் தனியாத்தானே தம்பி இருந்தேன்?" சொல்லிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு நான் பெரிய விமானங்களில் இரண்டு தடவை போயிருக்கிறேன். தோளில் தங்கப் பட்டி போட்ட விமானிகள், இரண்டு பக்கமும் எஞ்சின். இரண்டு தடவையும் இருக்கையின் கையைப் பிடித்த பிடி விடவில்லை. ஆனால் நியூட்ரல் அண்ணன் ஓட்டுகிறார் என்றால், அது பஸ்ஸோ விமானமோ, எஞ்சின் ஓடினாலும் நின்றாலும், நான் இன்றைக்கும் கண்ணைத் திறந்துகொண்டே ஏறுவேன்.